தந்தி மீட்டாத தச்சன்

என் சிறிய தந்தையார் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவரைக் குஞ்சியப்பு என்றே நாங்கள் அழைத்து வந்தோம். அவர் மனைவியார் எங்களுக்குக் குஞ்சியம்மா. கடந்த தை மாதத்தில் ஒரு நாள் குஞ்சியம்மா என்னை அழைப்பித்து, பரண்மேற் கிடந்த பொதி ஒன்றை இறக்குவித்தார். பழைய சேலையொன்றினாற் சுற்றப்பட்டிருந்த அப்பொதியினுள் ஒரு பேஸ் கிற்றார் இருந்தது.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களிலே மேளக்கச்சேரி ஓய்ந்த பின்னர், இசைக்குழுவினரின் பாட்டு விடியுமட்டும் நடைபெறுவதுண்டு. அத்தகைய குழுவொன்றிலே குஞ்சியப்பு இக்கருவியை வாசித்தவர். இறக்குமதிப் பொருள்கள் அரிதாயிருந்த அக்காலத்திலே, கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் வேற்று நாட்டுத் துறைமுகமொன்றிற் பழையதாக வாங்கி வந்து அவருக்குக் கொடுத்தது அது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தபோது, குஞ்சியப்பு திருகாணி நான்கைக் கழற்றிக் கழுத்து வேறு உடல் வேறாக்கி, இரண்டையும் ஓர் அரிசிச் சாக்கிலிட்டுச் சைக்கிளிற் கட்டித் தென்மராட்சி போய்ச் சேர்ந்தார். வீட்டிலிருந்த ஆர்மோனியமும் தபேலாவும் திரும்பி வரவில்லை. இது வந்தது.

வந்ததேயன்றி நலமாக வரவில்லை. மெட்டுகள் தந்தியுரசிப் பள்ளம் விழுந்து கிடந்தன. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகி பச்சை பூத்து இறுகிவிட்டது. பலமுறை கழற்றிப் பூட்டியதாற் கழுத்தைத் தாங்கும் ஆணித் துளைகள் அகன்று நெகிழ்ந்துவிட்டன. வாசிப்பவரின் வலக்கை கிடக்கும் இடத்திலே மெருகு தேய்ந்து, உள்ளங்கையளவுக்கு வெறும் மரம் தெரிந்தது.

கொழும்பிலே வாத்தியங்களைப் பழுது பார்க்கும் ஒருவர் அதனைக் கண்டு, உடலைச் சுரண்டிப் புதிய மெருகு பூசி, உறுப்புக்களையெல்லாம் மாற்றிப் புத்தம் புதிதாக்கித் தருவதாகக் கூறினார். கனடாவிலுள்ள உறவினர் ஒருவரோ, படத்தைப் பார்த்த மாத்திரத்திலே, ஓர் ஆணியைத் தானும் தொடவேண்டாம் என்று தடுத்தார். பழம்பொருள் சேர்ப்போர் இதற்குப் பல இலட்சம் ரூபா கொடுப்பார்கள் என்பதும், கைவைத்தால் விலை இறங்கிவிடும் என்பதும் அவர் சொன்ன நியாயம். குஞ்சியம்மா வீட்டுக் கூரை ஒழுகுகின்றது. ஆதலால் அந்த நியாயம் எடுத்தெறியக் கூடியதன்று. இவ்விருவருக்கும் இடையிலே என் மகள் நின்று, தனக்கு அதனை வாசிக்கவேண்டும் என்றாள். குஞ்சியம்மா முடிவை என்னிடம் விட்டார். ஏடு பார்த்துப் பாடந் தேர்ந்து பழகியவன் யான் என்பது அவர் கொண்ட காரணம்.

நூலொன்றின் பாடத்தில் ஐயம் நேருமிடத்து ஆசிரியன் கருத்து யாதென ஆராய்தல் உரைகாரர் மரபு. இந்தக் கருவிக்கும் ஓர் ஆசிரியன் உளன். கழுத்தின் தலையிலே அவன் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அவனது வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே சொல்லுகின்றேன்.

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் என்பது அவரது முழுப்பெயர். உலகம் லியோ ஃபெண்டர் என்றே அறியும். 1909 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10 ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, அனஹைம், ஃபுல்லேற்றன் என்னும் ஊர்களுக்கிடையே தோடை பயிரிட்ட குடியானவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். எட்டாவது வயதில் நோயொன்றினால் இடக்கண் பறிபோயிற்று. அன்று முதல் ஆயுள் முழுவதும் கண்ணாடிக் கண்ணோடே வாழ்ந்தார். பதின்மூன்று வயதளவில், மோட்டார் வாகன மின்னுறுப்புக் கடை நடத்திய மாமனார் ஒருவர், தாமே கட்டிய வானொலிப் பெட்டியொன்றைக் காட்ட, அதன் ஓசை சிறுவனின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. பள்ளிப் பருவத்திலேயே பிறர் வீட்டு வானொலிகளைப் பழுது பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஆயினும், அவர் கற்ற கல்வி கணக்கியல். பியானோவும் சாக்ஸபோனும் சிறிது பழகினார். உலகம் போற்றுங் கிற்றார்களைப் பின்னாளிற் படைத்த இவர், கிற்றார் வாசிக்கக் கற்றவரல்லர் என்பது கேட்போர் வியக்கும் செய்தி. பொருளாதாரப் பெருமந்தக் காலத்திலே கணக்கர் வேலை கைநழுவியது. 1934 இல் எஸ்தர் என்னும் பெண்மணியை மணந்திருந்த அவர், 1938 இல் 600 டொலர் கடன் பெற்று ஃபுல்லேற்றன் நகரில் வானொலி பழுது பார்க்கும் கடையொன்றைத் திறந்தார். அவருடைய உண்மையான கல்லூரி அதுவே.

பழுது பார்ப்பவனிடம் வருவன யாவும் உடைந்தனவே. எப்பொருள் எவ்விடத்தில் முதலில் முறியும், எவ்வுறுப்பைக் கழற்றுவது எளிது, எதனைக் கழற்றப் புகுந்தால் முழுவதும் பாழாகும் என்பவற்றை அவன் நாள்தோறுங் காண்கின்றான். இசைவாணர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளையும் கிற்றார்களையும் லியோவின் கடைக்குக் கொண்டுவந்தனர். அவர்களின் குறைகளை அவர் செவிமடுத்தார். 1945 இல் டொக் கோஃப்மன் என்பவரோடு சேர்ந்து மின்கிற்றார்களையும் ஒலிபெருக்கிகளையும் செய்யத் தொடங்கினார். கடனுக்கு அஞ்சிய கோஃப்மன் அடுத்த ஆண்டே விலகிக்கொள்ள, லியோ 1946 இல் தம் பெயரிலேயே தொழிலகம் அமைத்தார்.

அக்காலத்துக் கிற்றார்கள் வயலினைப் போல வயிறு குடைந்த உடலும், உடலோடு பசையால் ஒட்டிய கழுத்தும் உடையன. ஒலிபெருக்கியோடு இணைத்து உரக்க வாசித்தால் அந்த வெற்றுடல் ஊளையிடத் தொடங்கிவிடும். கழுத்துக் கோணினாற் கைதேர்ந்த தச்சனையே நாடவேண்டும். லியோ திண்ணிய பலகையிலே உடலை வெட்டினார். கழுத்தைத் தனியே செய்து நான்கு திருகாணிகளால் உடலோடு பிணித்தார். கழுத்துப் பழுதானாற் கழற்றி வேறொன்று பூட்டலாம்; மின்னுறுப்புக் கெட்டால் முகத்தகட்டைத் திறந்து மாற்றலாம். 1950 இல் அது வெளிவந்தபோது, படகுத் துடுப்பு என்று அத்துறையினர் சிலர் நகைத்தனர். பெயர் தொடர்பாக வேறொரு நிறுவனத்தின் ஆட்சேபம் எழவே, 1951 இல் அதற்கு ரெலிகாஸ்ரர் என்று பெயர் மாற்றப்பட்டது. நகைத்தவர்கள் விரைவிலேயே அதனைப் பின்பற்றலாயினர்.

அந்த 1951 ஆம் ஆண்டின் இறுதியிலேதான் நம் கதைக்குரிய கருவி பிறந்தது. அக்காலத்து இசைக்குழுக்களிலே கீழ்ச்சுருதி வாசிப்போர், நின்றபடி மீட்டும் ஆளுயரப் பெருவாத்தியமொன்றை ஊரூராகச் சுமந்து திரிந்தனர். மின்கிற்றாரும் முரசும் முழங்கும் மேடையிலே அதன் ஓசை எடுபடுவதில்லை. மெட்டில்லாத கழுத்தாதலின், விரல் சிறிது பிசகினாலும் சுரம் பிசகும். லியோ அதன் வேலையைக் கிற்றாரின் உருவிலே அடக்கினார். தந்தியின் நீளம் 34 அங்குலம், தந்திகள் நான்கு, மெட்டுகள் இருபது. சுரம் பிசகாது துல்லியமாக ஒலிக்கும் என்பதனால் அதற்குப் பிறிசிஷன் பேஸ் என்று பெயரிட்டார். அதன் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. செவியாற் கேட்பதினும் நெஞ்சால் உணர்வதே மிகுதி எனத்தக்க அவ்வோசை, அதன் பின் வந்த மெல்லிசைக்கு அடித்தளமாயிற்று. குஞ்சியப்புவின் குழுவும் அந்த அடித்தளத்தின் மேலேதான் நின்றது.

லியோவின் இயல்பிலே நான் மிகவும் கவனித்த பகுதி ஒன்றுண்டு. செய்த பொருளைச் செய்து முடிந்ததாக அவர் ஒருபோதும் கருதவில்லை. புதிதாகச் செய்த கருவியைத் தொழில்முறைக் கலைஞர் கையிற் கொடுத்து, ஆடலரங்குகளிலே வாசிக்கவிட்டு, குறைகளைக் கேட்டு வந்து மறுபடியும் மாற்றுவார். 1954 இல் ஸ்ராற்றோகாஸ்ரர் வந்தது. அவ்வாண்டிலேயே பேஸ் கிற்றாரின் உடலும் மார்பிலும் கையிலும் உறுத்தாதபடி வளைத்துச் செதுக்கப்பட்டது. 1957 இல் தந்தியின் அதிர்வை மின்னாக்கும் காந்தச் சுருள் இரு துண்டாகப் பிரித்தமைக்கப்பட்டது. 1960 இல் ஜாஸ் பேஸ் என்னும் வேறொரு வகை பிறந்தது. ஏடு எழுதிய கையே ஆண்டுக்கொருமுறை பாடத்தைத் திருத்திக் கொண்டிருந்தது என்க.

ஆயினும், கருவியின் வாழ்வு செய்தவன் கையோடு முடிவதில்லை. டெற்றொயிற் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுக்களிலே அறுபதுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்னும் கறுப்பினக் கலைஞர் இதற்குச் சான்று. அவர் கையிலிருந்தது 1962 ஆம் ஆண்டுப் பிறிசிஷன் பேஸ். வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டுவார். தந்திகளை மாற்றுவதே இல்லை. அழுக்கேறி மங்கிய அந்தத் தந்திகளின் ஓசையிலேயே தம் பாணியைக் கண்டார். 1983 இல் அவர் இறப்பதற்குச் சிறிது முன்னர் அக்கருவி களவு போயிற்று. துல்லியம் வேண்டி லியோ செய்த கருவி, ஜேமர்சன் கையிலே தேய்வினாற் சிறந்தது. ஆசிரியன் எண்ணாத பொருளை வாசகன் கண்டுகொண்டான்.

ஐம்பதுகளிலிருந்தே லியோவைப் பீனிச நோய் பற்றி வாட்டியது. கிருமித் தொற்று எம்மருந்துக்கும் அடங்கவில்லை. தமக்கு ஆயுள் குறைவென்று எண்ணித் தொழிலகத்தை விற்கத் துணிந்தார். 1965 ஜனவரியில் சீ. பீ. எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனம் 130 இலட்சம் டொலர் கொடுத்து அதனை வாங்கியது. அதன் பின்னர் வேறொரு மருத்துவர் கொடுத்த சிகிச்சையால் நோய் தீர்ந்தது. உடல் மீண்டது, பெயர் மீளவில்லை. தம் பெயரைத் தாம் செய்யும் கருவியிலே பொறிக்கும் உரிமை அவருக்கு இல்லாது போயிற்று. அந்த விற்பனைக்கு முன்னர்ச் செய்யப்பட்டவற்றையே பழம்பொருள் சேர்ப்போர் பெரிதும் மதிக்கின்றனர். குஞ்சியப்புவின் கருவியிலே கழுத்தைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் அடியில் 1963 ஆம் ஆண்டைக் காட்டும் மை முத்திரை இருந்தது. கனடா உறவினர் பதறிய காரணம் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

லியோவோ பழைய பெருமையிலே தங்கியிருந்தவரல்லர். எழுபதுகளில் மியூசிக் மான் என்னும் நிறுவனத்திலே உழைத்து, 1976 இல் ஸ்ரிங்றே என்னும் பேஸ் கிற்றாரை வெளியிட்டார். 1979 இல் மனைவி எஸ்தர் காலமானார். அதனையடுத்துப் பழைய தோழர் ஜோர்ஜ் ஃபுல்லேற்றனோடு ஜீ அன்ட் எல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இருவர் பெயரின் முதலெழுத்துக்களே அதன் பெயர். அங்கே செய்தவையே தாம் செய்தவற்றுட் சிறந்தவை என்பது அவரது துணிபு. உலகம் பொன்போலப் போற்றும் ஐம்பதுகளின் படைப்புக்கள், அவருக்கு முதிராத முயற்சிகளாகவே தோன்றின. நடுக்குவாதம் கைகளைத் தளர்த்திய பின்னரும் நாள்தோறும் தொழிற்கூடம் சென்றார். 1991 மார்ச் 21 ஆந் திகதி, தமது 81 ஆவது வயதிலே உயிர்நீத்தார். அதற்கு முந்திய நாளும் வேலைப் பலகையருகே இருந்தார் என்பர்.

அவர் விட்டுச் சென்ற அந்த வேலைக்கூடத்தை, விட்டபடியே தொழிலகத்தார் பேணி வைத்தனர். எதையும் இருந்தபடி விடாத மனிதரின் அறை, இருந்தபடியே நிற்கலாயிற்று. இதனைப் படித்த இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

ஆசிரியன் கருத்தை ஆராயப் புகுந்தேன். அது பெருமளவு தெளிவாகவே கிடைத்தது. லியோ ஃபெண்டர் பழுது பார்க்கும் கடைக்காரர். தேய்ந்ததை மாற்றுவதற்கென்றே ஆணிகளை வைத்தவர். மெட்டும் தந்தியும் மின்கம்பியும் அவர் கணக்கிலே எழுத்தாணியின் முனை போன்றவை. முனை மழுங்கிய எழுத்தாணியைத் தீட்டாமற் பட்டுத்துணியிற் சுற்றி வைத்தல் எழுத்துக்குச் செய்யும் மரியாதையாகாது. ஓர் ஆணியைத் தானும் தொடாதே என்பார், அந்த ஆணி ஏன் அங்கே இருக்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தவரல்லர். அந்நான்கும் கழலத்தக்கவையாய் இருந்தமையாலன்றோ அரிசிச் சாக்கிலே அக்கருவி உயிர் தப்பிற்று?

அங்ஙனமாயின், கொழும்பு அன்பர் கூறியவாறு முழுவதையும் சுரண்டிப் புதுக்கிவிடலாமா? லியோவைக் கேட்டிருந்தால், அவர் தேய்ந்த உடலை ஒதுக்கிவிட்டுப் புதிய உடலையே தந்திருப்பார் என்று நினைக்கின்றேன். இவ்விடத்தில் யான் ஆசிரியனை விட்டு விலகுகின்றேன். உள்ளங்கையளவு தேய்ந்த அந்த இடம் ஆசிரியன் எழுதிய பாடமன்று. ஏட்டின் ஓரத்திலே, படித்தவர் ஒருவர் தம் கையாற் கீறிவைத்த குறிப்பு அது. பாடத்தைத் திருத்த ஆசிரியனுக்கு உரிமையுண்டு. படித்தவன் குறிப்பை அழிக்க அவனுக்கும் உரிமையில்லை. இருபது ஆண்டுக் காலம் திருவிழா இரவுகளிலே குஞ்சியப்புவின் கை கிடந்த இடம் அது. அதன்மேல் மெருகு பூசுபவன், அவர் வாசித்தார் என்பதற்கு இருந்த ஒரே கையெழுத்தை அழிப்பவனாவான். இசைத்தட்டிலே அவர் வாசிப்புப் பதிவாகவில்லை.

எங்கள் தொழிலிலே இதற்கு ஒரு முறையுண்டு. பழைய ஓலையிலே எழுத்து மங்கினால், விளக்குக் கரியை எண்ணெயிற் குழைத்து ஓலைமேற் பூசித் துடைப்போம். எழுத்தாணி கீறிய பள்ளங்களிலே மை தங்கும்; எழுத்துத் தெளிந்து தோன்றும். முன்பிருந்த எழுத்தைக் காட்டுவதோடு எம் வேலை முடிந்தது. செல்லரித்த இடத்திலே நமக்குத் தோன்றிய எழுத்தைக் கீறிவைத்தல் குற்றம். 1887 இல் கலித்தொகையை முதன்முதல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் காலந்தொட்டு, பதிப்பாசிரியர்களை வருத்திய கேள்வி இதுவே: எவ்வளவு தொடுவது, எங்கே கையை எடுப்பது? அக்கேள்வி ஒரு பேஸ் கிற்றாரின் உருவில் என் வீடு தேடி வரும் என்று நான் எண்ணியதில்லை.

முடிவைக் குஞ்சியம்மாவிடம் இவ்வாறு சொன்னேன். ஒலிக்க இயலாதபடி தேய்ந்தனவற்றை மாற்றுவோம். மெட்டுகள் புதியனவாகட்டும். இறந்துபோன திருகியும் கம்பியும் மாறட்டும். அகன்ற ஆணித் துளைகளிலே வன்மரச் சக்கை அடித்துப் புதுத் துளையிடட்டும். கழற்றிய பழைய உறுப்புக்கள் ஒன்றுவிடாமற் பொதியிலிட்டு, எவ்வாண்டில் எது மாற்றப்பட்டது என்ற குறிப்போடு கருவியுடனே இருக்கட்டும். பின்வருவோர் எம் பிழையைத் திருத்த விரும்பினால் அவர்களுக்கு அது வழி. உடலின் மெருகிலே ஒருவரும் கைவைக்க வேண்டாம்.

குஞ்சியம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கூரையை நினைவூட்டினார். விலை குறைந்தாலும் விற்கலாமே என்பது அவர் குறிப்பு. அவர் சொன்னதில் நியாயம் இருந்தபடியால், கையில் ஒரு விடையுமின்றி அன்று வீடு திரும்பினேன். அடுத்த கிழமை பெறாமக்கள் ஐவரும் கூடிக் கூரைச் செலவைப் பகிர்ந்துகொள்வதென்று தீர்மானித்தோம். பாடந் தேரும் வேலை எளிது; ஏட்டைப் பேணுவோர் வீடு ஒழுகாமற் பார்ப்பதே அரிது.

சித்திரை பிறந்த பின்னர்க் கருவி கொழும்பிலிருந்து வந்தது. என் மகள் அதனை மடியிற் கிடத்தித் தடித்த தந்தியை ஒருமுறை தட்டினாள். அடுக்களையிலே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த குஞ்சியம்மாவின் கை நின்றது. தந்தியின் ஓசை அடங்குமட்டும் அவர் அப்படியே நின்றார். பின்னர் வந்து, பிள்ளையின் கையை எடுத்து, மெருகு தேய்ந்த அந்த இடத்திலே வைத்தார். கை அங்கேதான் கிடக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.